61 புள்ளி கோலமும் எங்க வீட்டுக் கடனும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்த விஷயம் இது. கடனப் பத்தி எழுதுறதுன்னா ஒரு மாதிரி கூச்சமா இருக்கு. நகை அடகுல இருக்குறது சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னு மறைக்கிறதுலயே பாதித் தெம்பு போச்சு எனக்கு, இப்ப ஊருக்கே சொல்லிட்டு இருக்கேன் பாருங்க.

நாங்க மதுரை, வண்டியூர் பக்கம் வாடகை வீடு. எங்க வீட்டுக்காரர் ஒரு காலேஜ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாரு, ப்ராஜெக்ட் பைண்டிங், பிரிண்ட் அவுட்னு நல்லாத்தான் ஓடுச்சு. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டாங்க, காலேஜ மூடினா ஜெராக்ஸ் கடைக்கு யாரு வருவா. கடைக்கு வாங்கின லோனுக்கு ஆறு மாசம் மொராட்டோரியம், அது வரைக்கும் தவணை கட்ட வேணாம்னு சொன்னப்ப அப்பாடான்னு இருந்துச்சு, அந்த ஆறு மாச வட்டியும் ஒண்ணா சேந்து நிக்கும்போதுதான் உறைச்சுச்சு. கடைய காலி பண்ணி, மிஷின வந்த விலைக்கு வித்து, 2021 கடைசில எல்லா சில்லறைக் கடனையும் அடைச்சுருவோம்னு அஞ்சு வருஷத்துக்கு ஒரு பர்சனல் லோன் போட்டோம். அடைச்சோம். ஆனா கிரெடிட் கார்டு மறுபடி ரொம்பிருச்சு, அது எங்க தப்புதான்.

2022 ஜனவரில ஒரு ராத்திரி உக்காந்து எழுதிப் பாத்தோம். பர்சனல் லோன் 2 லட்சத்து 80 ஆயிரம். கார்டு 90 ஆயிரம். பேங்க்ல அஞ்சு பவுன் வச்சு வாங்குனது 1 லட்சத்து 30 ஆயிரம். தனியார் அடகுக் கடைல என் தாலிக்கொடி மூணு பவுன், 60 ஆயிரம். அதே எடத்துல பாப்பாவோட அரைப்பவுன் ஜிமிக்கி 12 ஆயிரம். நாத்தனார்கிட்ட கைமாத்தா 50 ஆயிரம். மொத்தம் 6 லட்சத்து 22 ஆயிரம். அவரு இப்ப கூரியர் ஆபீஸ்ல வேலை, நான் ஒரு ஸ்கூல்ல கணக்கு எழுதுறேன், ரெண்டு பேரு சம்பளமும் சேத்து அப்ப 36 ஆயிரம்.

கணக்கு எழுதுறவ வீட்லயே கணக்கு இப்படியான்னு கேக்காதீங்க, நானே பல தடவ கேட்டுட்டேன்.

கார்டுதான் முதல்லன்னு முடிவு பண்ணோம். மாசம் மூணரை பர்சன்ட் வட்டி, 90 ஆயிரத்துக்கு 3150 ரூபா, அந்த வட்டிக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வேற, ஆக 3700 ரூபா சொச்சம் ஒண்ணுமே வாங்காமலே மாசாமாசம் ஏறும். மினிமம் டியூன்னு 4500 கட்டிட்டு நல்ல பிள்ளையா இருந்தோம்ல, அதுல அசல் குறைஞ்சது 800 ரூபா கூட இல்ல. அத எழுதிப் பாத்த அன்னைக்கு அவரு சாப்பிடவே இல்ல. மாசம் 8000 கட்டுனா 16 மாசத்துல முடியும்னு வந்துச்சு. சரி, இறங்கிட்டோம்.

முதல் மூணு மாசம் செம வேகம். ஷேர் ஆட்டோல போறத நிறுத்திட்டு லேடீஸ் ஃப்ரீ பஸ்ஸுக்கு காத்து நின்னு போனேன், போக வர 40 ரூபா மிச்சம், மாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல வருது. (அப்புறம் 2023-ல மகளிர் உரிமைத் தொகை வந்தப்ப நானும் ஆசையா ஃபாரம் குடுத்தேன், வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்கு மேலன்னு வரல. எனக்கு அந்த ஆயிரம் பஸ்லயே வந்துருதுன்னு மனச தேத்திக்கிட்டேன்.) ரேஷன்ல அரிசி, 30 ரூபாய்க்கு துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு பாமாயில், ஒரு மாசம் விடாம வாங்குனோம். காய்க்கு ஞாயித்துக்கிழம அண்ணாநகர் உழவர் சந்தை, 1999-ல தமிழ்நாட்டுலயே முதல்ல தொறந்த சந்தை அதுதான், எங்களுக்கு நடக்குற தூரம். கடை கட்டப்போற நேரமாப் பாத்துப் போனா கீரைக்கட்டு ரெண்ட ஒண்ணு வெலைக்குத் தள்ளி விட்ருவாங்க. ஃபோன்ல ஸ்கேன் பண்றத விட்டுட்டு ஒண்ணாந்தேதியே வீட்டுச்செலவுக்கு ரொக்கமா எடுத்து டப்பால போட்டோம். ஸ்கேன் பண்ணா டீ, பன்னு, ரீசார்ஜுன்னு போற காசு போறதே தெரியல, டப்பால கைய விட்டு நோட்டு எடுக்கும்போது தெரியுது.

இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். எப்படி சிக்கனமா இருக்குறதுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம், நம்ம அம்மாக்கள பாத்தாலே போதும். ஏழாவது மாசம் என்ன பண்றதுன்னுதான் யாரும் சொல்லல.

ஏழாவது மாசம் எனக்கு ஆடி. தெற்கு மாசி வீதி பக்கம் வேற ஒரு வேலையா போனேன், ஆடித் தள்ளுபடி போர்டு, கூட்டம், எல்லார் கைலயும் பை. ஆடிப்பெருக்குக்கு தாலிக்கயிறு மாத்துவோம்ல, ரெண்டு நாள் முன்னாடிதான் மாத்துனேன், கொடி அடகுல இருக்குறதுனால வெறும் மஞ்சக்கயித்துல புதுக் கயிறு. விசேஷத்துக்கெல்லாம் கயிறு தெரியாத மாதிரி முந்தானைய இழுத்து பின் குத்திட்டுதான் போவேன், இருந்தாலும் பொம்பளைங்க கண்ணு நேரா கழுத்துக்குத்தான் வரும். அந்த நினைப்போட கடைக்குள்ள போனேன், 1850 ரூபாய்க்கு ஒரு சேலை, கைல காசு இல்ல, கார்ட தேச்சேன். எந்தக் கார்ட ஏழு மாசமா பல்லக் கடிச்சுட்டு அடைக்கிறோமோ அதே கார்டு. வீட்டுக்கு வந்து அந்த சேலைய பிரிக்கக் கூட இல்ல. அவருகிட்ட சொல்லவும் தைரியம் இல்ல, மறுநாள் மெசேஜ் பாத்து அவரே கேட்டாரு. திட்டிருந்தா கூட பரவால்ல, "போகட்டும் விடு"ன்னாரு, அதுக்குத்தான் அழுதேன்.

அப்புறம் ரெண்டு பேரும் பேசுனதுல ஒண்ணு புரிஞ்சுச்சு. ஏழு மாசத்துல அம்பத்தாறாயிரம் கட்டிருக்கோம், கார்டு கடன் 34 ஆயிரம் குறைஞ்சும் இருக்கு, ஆனா வீட்ல ஒரு பொருள் கூட மாறல. கார்டு கடன் குறையிறது ஃபோன்ல ஒரு நம்பர் மாறுறது, அவ்வளவுதான். வயித்தக் கட்டி வாயக் கட்டி கட்டுற காசு எங்க போகுதுன்னு கண்ணுக்கே தெரியலன்னா மனசு எத்தன நாள் ஒத்துழைக்கும்?

அதுனால அடுத்த ஒண்ணரை மாசம் கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டிட்டு, சேலைய மாத்தி காசு தர மாட்டேன்னுட்டாங்க அது தனிக்கதை, ஒரு சின்ன சீட்டுப் பணமும் கைக்கு வந்துச்சு, எல்லாத்தையும் சேத்து பாப்பாவோட ஜிமிக்கிய மீட்டோம். கணக்குப்படி பாத்தா இது தப்பு, சுத்தமா தப்பு. நாப்பது பர்சன்ட் வட்டி ஓடுறத விட்டுட்டு பதினெட்டு பர்சன்ட் வட்டி கடன அடைக்கிறது எந்தக் கணக்கு? எங்க ஸ்கூல்ல யாராவது இப்படி பண்ணா நானே சண்டை போட்ருப்பேன். ஆனா அன்னைக்கு சாயங்காலம் பாப்பா அத மாட்டிட்டு தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு வந்தா பாருங்க, வழி பூரா தலைய ஆட்டி ஆட்டி நடந்தா. வீட்டுக்கு வந்து அவரு சொன்னாரு, "அடுத்து உன் கொடி". அதுக்கப்புறம் எங்களுக்கு யாரும் சாவி குடுக்க வேண்டி இருக்கல.

மீதி இருந்தத பாப்பாதான் கோலமா மாத்துனா. ஆரம்பத்துல இருந்த கணக்குல ஜிமிக்கிய கழிச்சா சரியா 6 லட்சத்து 10 ஆயிரம். நேர்ப்புள்ளி 11 வச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா குறைச்சு 1-ல கொண்டு போய் முடிச்சா மொத்தம் 61 புள்ளி வரும். புள்ளிக்கு பத்தாயிரம். சார்ட் பேப்பர்ல வச்சு சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஒட்டுனோம், வெளியாளுங்க வந்தா கதவ தொறந்தே வச்சிருவோம், தெரியாது. பத்தாயிரம் அசல் குறைஞ்சா ஒரு புள்ளிய சுத்தி ஒரு வளைவு. ஒட்டுன அன்னைக்கே அஞ்சு புள்ளி சுத்தியாச்சு, அது வரைக்கும் கட்டுனதுக்கு. அந்த அஞ்ச பாத்தப்பதான் ஏழு மாசமும் சும்மா போகலன்னு தெரிஞ்சுச்சு.

சாப்பாடு, துணி, பஸ்ஸு இதுலெல்லாம் குறைக்கலாம். எங்க ஊர்ப் பக்கம் குறைக்கவே முடியாத ஒண்ணு இருக்கு, செய்முறை, அதான் விசேஷ வீட்டுக்கு செய்ற மொய்யும் சீரும். மொய் நோட்டு இருக்கே, அதுவும் ஒரு கடன் நோட்டுதான், இஎம்ஐ தேதிக்குப் பதிலா பத்திரிகை வரும். ஆவணி ஒரு மாசத்துல மட்டும் எங்களுக்கு ஒம்பது பத்திரிகை வந்திருக்கு. இப்ப ஒவ்வொரு பத்திரிகைக்கும் எங்க கல்யாண நோட்டு, பாப்பா காதுகுத்து நோட்டு ரெண்டையும் எடுத்துப் பாப்பேன், அவங்க என்ன செஞ்சிருக்காங்களோ அதுக்கு மேல கொஞ்சம் மட்டும், பந்தாவுக்கு ஒரு ரூபா கூட கிடையாது. மாசம் ஆயிரம் அதுக்குன்னு தனி டப்பா.

இதுல பெரிய பரீட்சை நாத்தனார் பொண்ணோட காதுகுத்து. அவரு தாய்மாமன், மடில உக்கார வச்சுதான் காது குத்தணும், சீர் இல்லாம எப்படி? அதுவும் நாங்க 50 ஆயிரம் கடன் வச்சிருக்குறது அதே நாத்தனாருக்குத்தான். கடன் குடுத்தவங்க வீட்டுக்கே கடன் வாங்கி சீர் கொண்டு போறதான்னு ரெண்டு நாள் தூங்கல. கடைசில நானே ஃபோன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன், கொடி அடகுல இருக்குறது வரைக்கும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "மதினி, எனக்கு அண்ணன் வந்து உக்காந்தா போதும், தட்ட நீங்க எண்ணாதீங்க"ன்னா. ஏழு தட்டு கொண்டு போனோம். சிம்மக்கல்ல பழம், பிள்ளைக்கு துணி, ஒரு கிராம்ல தோடு. பந்தில ஒரு பெரியம்மா "தாய்மாமன் சீர் ஏழே தட்டா"ன்னு எனக்கு கேக்குற மாதிரியே கேட்டுச்சு. கேட்டுட்டு ரசம் ஊத்திக்கிட்டு சாப்பிட்டேன். முன்னாடின்னா அந்த ஒரு வார்த்தைக்கே இன்னொரு லோன் போட்ருப்போம்.

அடுத்த வருஷம் பாப்பா பெரியவளானா. மண்டபம் புடிங்க, நீங்க செஞ்ச செய்முறையெல்லாம் திரும்ப வரும், கடனையே அடைச்சிரலாம்னு எங்க மாமியார் தொடங்கி எதிர்த்த வீடு வரைக்கும் ஒரே யோசனை. கேக்க நல்லாத்தான் இருக்கும். மண்டபம், சாப்பாடு, போட்டோ, பேனர்னு முன்பணமா போடுற காசுக்கு வட்டி யாரு கட்டுறது, வர்ற மொய்ய நாளைக்கு யாரு திருப்பிச் செய்றது? பாப்பாவே "ஃப்ளெக்ஸ்ல என் போட்டோ வந்துச்சு, நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்"ன்னுட்டா. வீட்லயே தண்ணி ஊத்தி புட்டு சுத்தி முடிச்சோம். மாமியார் மூணு மாசம் முகத்த தூக்கி வச்சிருந்தாங்க, இப்ப சரியாயிட்டாங்க.

கார்டு 2023 ஜூலைல முடிஞ்சுச்சு, நினைச்சத விட ரெண்டு மாசம் லேட்டு, ஜிமிக்கிக்கு குடுத்த விலை அது. கொடி 2024 பிப்ரவரில வந்துச்சு. கொடிய போட்டதும் கழுத்து கனத்துச்சு, ரெண்டு வருஷத்துல அந்தக் கனமே மறந்து போச்சு எனக்கு. நாத்தனார் காசு அந்த வருஷக் கடைசில.

இப்ப புது சோதனை வேற ரூபத்துல. 2022-ல பவுன் 38 ஆயிரம் பக்கம் இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல 70 ஆயிரத்தத் தாண்டிருச்சு. பேங்க் நகைக்கு வட்டி கட்டி திருப்பி வைக்கப் போனப்ப கவுண்டர்ல இருந்த தம்பி, "இதே நகைக்கு இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல தரலாம்க்கா, வேணுமா"ன்னு சாதாரணமா கேட்டுருச்சு. அது தப்பு சொல்ல முடியாது, அது வேலை அது. ரெண்டு பேரும் வெளிய வந்து டீக்கடைல நின்னோம். அவரு வண்டி பன்னெண்டு வருஷ வண்டி, மாசத்துக்கு ஒருக்கா மெக்கானிக்கிட்ட நிக்கும். ஒரு லட்சம் வந்தா புது வண்டி. அவரு ஒண்ணுமே பேசல, ரோட்டுல போற வண்டிய பாத்துட்டே இருந்தாரு, எனக்கு பாவமாத்தான் இருந்துச்சு. நான்தான் கேட்டேன், "வாங்கிக்கலாங்க, ஆனா பாப்பாகிட்ட கோலத்துல பத்துப் புள்ளி கூட வைக்கச் சொல்லி நீங்கதான் சொல்லணும்". சிரிச்சுட்டாரு. டீக்கு காசு குடுத்துட்டு உள்ள போய் பழைய தொகைக்கே வச்சுட்டு வந்தோம். வண்டிக்கு பழைய டயர மாத்துனோம், இப்போதைக்கு ஓடுது.

எல்லா மாசமும் ஒழுங்கா இருந்தோம்னு சொன்னா பொய். போன தீபாவளிக்கு பட்ஜெட் கிழிஞ்சுச்சு. அந்த 1850 ரூபா சேலைய நான் இன்னும் ஒருவாட்டி கூட கட்டல, பீரோல அடில கெடக்கு.

இப்ப கோலத்துல 47 புள்ளி சுத்தியாச்சு. பாக்கி 14. அதுல எட்டு பர்சனல் லோன், ஆறு பேங்க் நகை. பாப்பா பத்தாவது வந்துட்டா, நடுப்புள்ளிய மட்டும் கடைசிக்கு வைக்கணும்னு கண்டிப்பா சொல்லிருக்கா, அத சுத்தாம வளைவ எப்படிக் கொண்டு போறதுன்னு அவளுக்கும் அவங்க அப்பாவுக்கும் தினம் சண்டை.

தை மாசம் நாத்தனார் புது வீடு குடி போறா. நேத்து ஃபோன்ல, "மதினி, தட்டு எத்தனைன்னு இப்பவே சொல்லிருங்க, அந்தப் பெரியம்மாவ முன் வரிசைல உக்கார வைக்கணும்"ன்னு கிண்டல் பண்றா. ஏழுதான்னு சொல்லிட்டேன்.