திறந்த தொட்டியிலிருந்து மூடிய தொட்டிக்கு: கடலூர் கடலோர ஊராட்சி ஒன்றின் அனுபவம்

கடலூர் முதுநகருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் ஊராட்சி எங்களுடையது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குளக்கரையிலுள்ள மூடியில்லாத செங்கல் தொட்டியில் விழும். அங்கேயே பிளீச்சிங் பவுடர் கலந்து தெருக்குழாய்களுக்கு ஏற்றுவார்கள். அதற்குப் பதிலாக மண்ணுக்குள் இறக்கி மூடிய தரைமட்டத் தொட்டியும் 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் கட்டலாம் என்று பேச்சு வந்ததும் ஊர் இரண்டுபட்டது.

பாதிச் சண்டைக்குக் காரணம், குளத்தையும் தொட்டியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான். "வீராணமே தெறந்துதான கெடக்கு? அந்தத் தண்ணியத்தான மெட்ராஸே குடிக்குது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வீராணத்தில் இருப்பது சுத்திகரிக்காத தண்ணீர். வடக்குத்து நிலையத்தில் சுத்திகரித்த பிறகு அது மூடிய குழாயில்தான் சென்னைக்குப் போகிறது. ஏரி, குளம், ஆறு எல்லாம் திறந்தே இருக்கலாம். குளோரின் போட்ட பிறகு அந்தத் தண்ணீருக்கு வானம் தெரியக் கூடாது. வெயில் பட்டால் குளோரின் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதற்குமேல் விழும் பறவை எச்சத்தையும் தூசியையும் எதிர்க்கத் தண்ணீரில் ஒன்றும் மிஞ்சாது.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சுத்திகரித்த தண்ணீரைத் திறந்த தேக்கங்களில் வைத்திருந்தால் மூட வேண்டும், அல்லது வெளியேறும் இடத்தில் மறுபடி சுத்திகரிக்க வேண்டும் என்று 2006இல் விதி வந்தது. போர்ட்லண்ட் நகரத்தில் பழைய தேக்கங்களை விட மாட்டோம் என்று மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அதே ஊரில் 2011இல் ஒருவர் தேக்கத்தில் சிறுநீர் கழித்தார் என்று சுமார் 3 கோடி லிட்டரைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு தண்ணீரில் அது ஒரு பொருட்டே இல்லை என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் பேசிப் புரியவைக்க முடியாததை இரண்டு சோதனைகள் புரியவைத்தன. ஒன்று, குளோரோஸ்கோப், தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் சிறு கருவி. காலையில் மருந்து கலந்து அரை மணி கழித்துத் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டால் நல்ல மஞ்சள் நிறம். நடுப்பகலில் அதே தொட்டியில் எடுத்தால் நிறமே இல்லை. இன்னொன்று, ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. கோட்டுவரை தண்ணீர் ஊற்றி, வெயில் படாத இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்தால் மலக் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. கிணற்று வாயில் பிடித்தது தெளிவாக நின்றது. தொட்டியில் பிடித்தது மைபோலக் கறுத்தது. குப்பிகளைப் பெயர் எழுதி ஊராட்சி மன்ற அலுவலகத்திலேயே வையுங்கள். யார் வீட்டிலாவது வைத்தால் சந்தேகம் கிளம்பும். கடலூரிலுள்ள குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது இடம். பழைய தொட்டி இருக்கும் இடத்திலேயே கட்டலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது குளம் ஏரிக்கான அரசு நிலம், என்று இருந்தால் அதோடு கதை முடிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு நகலும் புலப்பட (நில அளவை வரைபட) நகலும் வாங்கிப் பார்த்துவிட்டு, நத்தம் (குடியிருப்பு) புறம்போக்கு போன்ற இடத்தை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பிறகு கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டங்கள். தீர்மானத்தில் சர்வே எண், மக்கள்தொகை, கொள்ளளவு மூன்றும் இருக்கட்டும். கணக்கு எளிது: 1,800 பேருக்குத் தலைக்கு 55 லிட்டர் என்றால் நாளைக்கு 99,000 லிட்டர், 60,000 லிட்டர் தொட்டியை இரண்டு வேளை நிரப்பினால் போதும். "புதிய தொட்டி பயன்பாட்டுக்கு வரும்வரை பழைய தொட்டியை இடிக்கக் கூடாது" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றிய அலுவலகம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் வழக்கமான வழிதான். தீர்மான நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மதிப்பீடு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது தரைமட்டத் தொட்டியின் எடை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் ஊற்றுநீர் தரைமட்டத்துக்கே ஏறிவிடும். அப்போது சுத்தம் செய்யத் தொட்டியைக் காலி செய்தால் அது மண்ணுக்குள்ளிருந்து மேலே கிளம்பும். குழாய் இணைப்புகள் முறியும். உள்ளளவு 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்றால் 32,000 லிட்டர் பிடிக்கும். சுவரும் அடித்தளமும் 20 சென்டிமீட்டர், மேல்தளம் 15 என்றால் வெளி அளவு 45.5 கன மீட்டர். ஆக, முழுக்க ஊற்றுநீருக்குள் இருக்கும்போது மேலே தள்ளும் விசை 45.5 டன். கான்கிரீட்டோ 13.5 கன மீட்டர்தான், கன மீட்டருக்கு 2.5 டன் போட்டால் சுமார் 34 டன். பதினோரு டன்னுக்கு மேல் குறைகிறது. அடித்தளத்தைச் சுற்றிலும் அரை மீட்டர் வெளியே நீட்டிவிட்டால், நீட்டிய பகுதிமேல் உட்காரும் மண்ணே, தண்ணீரில் ஊறிய நிலையிலும், ஏறக்குறைய 19 டன் அழுத்தும். எங்களுக்கு வந்த முதல் வரைபடத்தில் இந்த நீட்டல் இல்லை. கணக்கை ஒரு தாளில் எழுதி உதவிப் பொறியாளரிடம் கொடுத்த பிறகுதான் சேர்த்தார்கள். அப்படியே இருந்தாலும் அடைமழைக் காலத்தில் தொட்டியை முழுதாகக் காலி செய்யாமல் இருப்பதே நல்லது.

உப்புக்காற்றுக்கு எம்-30 தரக் கான்கிரீட், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட். கவர் பிளாக் (கம்பிக்கு அந்த இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை) வைக்காமல் ஜல்லியைச் சொருகி கம்பியைத் தூக்கி நிறுத்துவார்கள், விடாதீர்கள். சில வருடத்தில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பொரிந்து விழும். மூடியும் ஏணியும் இரும்பில் வேண்டாம், ஃபைபரில் கேளுங்கள். மூடி உட்காரும் வாயைச் சுற்றி 10 சென்டிமீட்டர் விளிம்பு எழுப்பி, மூடி அதற்கு வெளியே இறங்கி உட்கார வேண்டும். காற்றுக் குழாய்க்கும் வழிவுக் குழாய்க்கும் கீழ்நோக்கிய வளைவும் கொசுவலையும் அவசியம். வலையில்லாத மூடிய தொட்டியில் டெங்கு கொசு நிம்மதியாக முட்டையிடும்.

"மூடி போட்டுட்டா உள்ள பல்லி செத்துக் கெடந்தா யாருக்குய்யா தெரியும்?" என்று கிராமசபையில் ஒரு அத்தை கேட்டார். எதிர்த்தவர்கள் சொன்னதிலேயே வலுவான வாதம் அதுதான். அதற்காகவே இரண்டு திறப்புகள், ஒன்றில் வெளிச்சம் விழ மற்றொன்றில் பார்க்கலாம். மாதம் 5, 20 தேதிகளில் கழுவும்போது தெருவுக்கு ஒருவர் வந்து நிற்கலாம் என்றும் பேசி முடித்தோம்.

யாரும் எதிர்பார்க்காதது செந்தண்ணீர். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். பழைய தொட்டியில் காற்று பட்டு அது துருவாகி அடியில் படிந்துவிடும். திறந்த தொட்டி செய்துவந்த ஒரே நல்ல காரியம் அது. நேராக மூடிய தொட்டிக்குள் விட்டுக் குளோரின் கலந்தால் துரு அங்கேயும் குழாயிலும் உண்டாகி, குடத்தில் செவப்பாக வந்து விழும். உடனே "அப்பவே சொன்னோமே" என்பார்கள். ஆகவே கிணற்றுத் தண்ணீர் முதலில் வலையடித்த கூண்டுக்குள் தட்டுத் தட்டாக வழிந்து இறங்கி, மணல் வடிகட்டி வழியாகத் தொட்டிக்குப் போக வேண்டும். மதிப்பீட்டில் இதைச் சேர்க்காமல் விட்டால் பிறகு பணம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் என்று ஆய்வக அறிக்கை இருந்தால் கேட்பதற்கு அதுவே ஆதாரம்.

கட்டி முடித்ததும் நிரப்பி ஏழு நாள் ஊறவிட்டு, அடுத்த ஏழு நாள் நீர்மட்டத்தைக் குறித்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிருமி நீக்கம்: லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் 24 மணி நேரம் நிற்க வேண்டும். 32,000 லிட்டருக்கு 30 விழுக்காடு வீரியமுள்ள பவுடர் சுமார் ஐந்தேகால் கிலோ. அந்தத் தண்ணீரைக் குளத்தில் விட்டால் மீன் மிதக்கும். வெட்டவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.

அன்றாடத்துக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது 60,000 லிட்டருக்கு 240 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புக் கசடு போனால் வால்வு அடைக்கும். ஈரக்காற்றில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை சீக்கிரம் வீரியம் இழக்கும், அப்போது 240 கிராம் என்பது கணக்கில் மட்டும்தான். அதனால் பவுடரை எடை போடுவதோடு நிறுத்தாமல், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று பார்த்து, டேங்க் ஆபரேட்டர் நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறார்.