லாச்சப்பலில் இருந்து கிறவல் பாதைக்கு

வன்னியில் கிறவல் வீதி என்றால் தார் போடக் காசு வராத வீதி. பிரான்சில் அதே கிறவலைத் தேடிப்போய் ஓடுவதற்கென்றே தனிச் சைக்கிள் செய்து விற்கிறார்கள், பெயரும் ‘கிராவெல்’தான். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் பாரிசின் லாச்சப்பல், அதன் புறநகர்களான பொபினி, பொண்டி, செவ்ரன் பக்கம் குடியிருப்பவருக்கு, காரும் லொறியும் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடக்கூடிய பாதை வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. கனபேருக்கு அது தெரியாது.

லாச்சப்பல் மெத்ரோவில் இருந்து சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் லா வில்லெத் நீர்த்தேக்கம் வந்துவிடும். அங்கே தொடங்குவது கனால் து லூர்க். நம் காதுக்கு அது ‘ஊர்க் கால்வாய்’ என்றுதான் விழும், அப்படியே வைத்துக்கொள்ளலாம். பாரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் காலத்தில் உத்தரவிட்டு வெட்டியது, மொத்தம் 108 கி.மீ. பந்தான், பொபினி, பொண்டி, ஒல்னே, செவ்ரன் என்று நமக்குத் தெரிந்த ஊர்களின் முதுகுப் பக்கமாகவே போகும். செவ்ரன் தாண்டினால் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த பூத்ரெரி காடு. சுமார் 30 கி.மீ. தொலைவில் கிளே-சூயி. அதுவரை பெரும்பாலும் தார், 32 மி.மீ. ரயர் போதும். அதற்கு அப்பால் தார் முடிந்து மண் கரை: நடுவே புல், ஓரத்தில் வேர், மழை பெய்தால் சேறு. அப்படியே இன்னும் இருபது கி.மீ.க்கு மேல் போனால் மோ நகரம். அங்கிருந்து ‘P’ ரயிலில் அரை மணித்தியாலம் அளவில் கார் து லெஸ்த். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதல் பயணத்துக்கு இதைவிட நல்லது கிடையாது.

ரயிலில் சைக்கிள் ஏற்றக் கட்டணம் இல்லை, நேரம்தான் பிரச்சினை. பாரிஸ் வட்டாரத்து ரயில்களிலும் ஆர்.ஈ.ஆரிலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் முழுநாளும் ஏற்றலாம். வேலை நாட்களில் காலை 6.30க்கு முன், 9.30 முதல் மாலை 4.30 வரை, இரவு 7.30க்குப் பின்.

பாதையில் வாகனம் இல்லை என்பதற்காக வேறு எதுவும் இல்லை என்று நினைக்கக்கூடாது. மண் இருக்கிறது, முள் இருக்கிறது, கமக்காரர் இருக்கிறார், வேட்டைக்காரரும் இருக்கிறார். கிராவெல் ஓடத் தெரிவது என்பது இவர்களின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்வதுதான்.

முதலில் பாதை யாருடையது என்ற கேள்வி. ஊரில் ஒழுங்கைக்காக வழக்குப் பேசிய பரம்பரைக்கு இது உடனே விளங்கும். ‘ஷெமன் ரூரால்’ என்பது ஊராட்சிக்குச் சொந்தம், பொதுப் பாவனைக்குரியது, போகலாம். ‘ஷெமன் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன்’ என்பது இரு பக்கக் காணிக்காரர்களுக்குச் சொந்தமான வயல்வழி. அவர்கள் மற்றவர்களுக்கு அடைக்கலாம். அரச வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடாகத்தான் இருக்கும். அரசின் காணி வரைபடமான கடாஸ்த்ரைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பாதையின் மேலேயே பெயர் எழுதியிருக்கும். தனியார் காணி என்று பலகையோ வேறு அடையாளமோ வைத்த காட்டுக்குள் நுழைந்தால், 2023 பெப்ரவரிச் சட்டத்தின்படி 135 யூரோ தண்டம்.

புதிதாக வந்தவர்கள் பிழை விடுவது இரண்டு வட்டப் பலகைகளில். சிவப்பு வளையம், உள்ளே வெறும் வெள்ளை என்றால் எல்லா வண்டிக்கும் தடை, சைக்கிளும் அதற்குள் அடக்கம். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதே வளையத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் தடை அவற்றுக்கு மட்டும், நீங்கள் தாராளமாக ஓடலாம். நீலச் சதுரப் பலகையில் நடப்பவர், சைக்கிள், குதிரை மூன்றும் இருந்தால் அது ‘வோ வெர்த்’, மோட்டார் இல்லாத வழி. குதிரையை முந்தும்போது மணி அடிக்க வேண்டாம். தூரத்திலேயே ‘போன்ஜூர்’ என்று குரல் கொடுத்து, நடை வேகத்துக்கு இறங்குங்கள். குதிரை மிரண்டால் உதைபடுவது நீங்கள்தான்.

இனி ரயர். கிளே-சூயிக்கு அப்பால் 38 முதல் 45 மி.மீ. அகலம் வேண்டும். எழுபது கிலோ ஆளுக்கு, 40 மி.மீ. ரியூப் இல்லாத ரயரில் முன்னுக்கு 2.0, பின்னுக்கு 2.3 பார் காற்றில் தொடங்கிப் பாருங்கள். ரியூப் போட்டிருந்தால் இரண்டிலும் 0.3 கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடிக்கும்போது றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ரியூப் நசிந்து பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம், இந்த அகலத்தில் 1.8உம் 2.5உம் விரலுக்கு ஒன்றுதான். நம்மில் கனபேர் செய்யும் தவறு கல்லுப் போலக் காற்றடிப்பது. தாரில் வேகமாகத் தெரியும், கிறவலில் ரயர் துள்ளிப் பிடியை விட்டுவிடும்.

முள்ளுக்கு ஒரு பருவம் இருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 16 முதல் ஓகஸ்ட் 15 வரை கமக்காரர்கள் வேலி மரங்களை வெட்ட முடியாது. அது முடிந்த கையோடு ரக்ரரில் பூட்டிய கத்தியால் வேலியை அடித்து நொறுக்குவார்கள். வேலியில் வளரும் ஒபெபின், ப்ருனெலியே என்ற முட்செடிகள் இரண்டும் காரை முள்ளுக்குச் சளைத்தவை அல்ல. துண்டு துண்டாகப் பாதையில் கிடக்கும். செப்டெம்பர் முதல் குளிர் முடியும் வரை வேலியோரப் பாதையில் புது வெட்டு வெள்ளையாகத் தெரிந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு போவதே மேல்.

ரியூப் இல்லாத ரயருக்குள் ஒன்றுக்கு 60 மில்லிலீற்றர் அளவு, ஓட்டையை அடைக்கும் ரப்பர் பால் ஊற்ற வேண்டும். அது சில மாதத்தில் காய்ந்துவிடும். சில்லைக் குலுக்கிக் காதில் வைத்துத் தளும்பல் கேட்காவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். முள் ஏறினால் உடனே பிடுங்காதீர்கள். காற்றுச் சீறாவிட்டால் அப்படியே வீடு வரை ஓடலாம். சீறினால், முள்ளை எடுத்து ஓட்டையைக் கீழே திருப்பி வைத்து, பால் அங்கே தேங்க ஒரு நிமிடம் விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் திரி செருக வேண்டும். பிரெஞ்சிலும் அதற்குத் திரி என்றுதான் பெயர், ‘மெஷ்’. ரியூப்காரர்கள் வேறு தவறு விடுவார்கள்: புது ரியூப் போட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி காற்றுப் போகும். முறிந்த முள் நுனி ரயருக்குள்ளேயே இருக்கிறது. விரலை நுழைக்காமல் ஒரு துணியை உள்ளே சுற்றி இழுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள்.

சேற்றுக்கும் பருவம் உண்டு. மோவைச் சுற்றியுள்ள பிரீ சமவெளி நுண்ணிய வண்டல் மண், கோதுமையும் சீனி பீற்றூட்டும் விளைகிற நிலம். ஒக்டோபர், நவம்பரில் பீற்றூட் கிண்டும் இயந்திரங்களும் லொறிகளும் வயல்வழியை உழுதுவிடும். அந்த மண் வெண்ணெய் போல ரயரில் ஏறி, சட்டத்துக்கும் ரயருக்கும் நடுவே அடைத்து, இருநூறு மீற்றருக்குள் சில்லைப் பூட்டிவிடும். பக்கத்துக்கு 6 மி.மீ. இடைவெளியாவது இல்லாத சைக்கிளை அந்த மாதங்களில் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். சில்லு இறுகத் தொடங்கியதும் காலை நிறுத்துங்கள். பலங்கொண்டு மிதித்தால் சேறும் வைக்கோலும் சேர்ந்து கியர் மாற்றும் தெராயரைப் பின்னால் இழுத்து முறிக்கும். காட்டில் குச்சி ‘டக்’ என்று சில்லில் சிக்கினாலும் இதே விதி: முதல் சத்தத்தில் கால் நிற்க வேண்டும்.

தெராயரைச் சட்டத்தோடு பிணைக்கிற சிறு அலுமினியத் துண்டை ‘பத்’ என்பார்கள். சட்டத்தைக் காப்பாற்ற முதலில் முறியவென்றே செய்த துண்டு. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம், கிராமத்துக் கடையில் கிடைக்காது. சைக்கிள் வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாக வாங்கி இருக்கைப் பைக்குள் போடுங்கள், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கொளுவியும் ஒன்று. இரண்டும் இல்லாமல் அகப்பட்டால், தெராயரைக் கழற்றிவிட்டுச் செயினைக் கட்டையாக்கி ஒரே கியரில் மெல்ல ஓடலாம். முன் பல்லுக்கு நேர்கோட்டில் இருக்கும் பின் பல்லைத் தெரிந்தெடுங்கள். கோணலாக இருந்தால் செயின் தானாகப் பெரிய பல்லில் ஏறி இறுகிவிடும்.

வேட்டைக் காலம் பொதுவாக செப்டெம்பர் முதல் பெப்ரவரி முடிவு வரை. ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை வழியில் நின்றால் அந்தக் காட்டில் துவக்குகள் நிற்கின்றன என்று அர்த்தம். வாதாட்டம் வேண்டாம், சுற்றிப் போங்கள். ஒளிரும் மேலங்கி அந்த மாதங்களில் பகலிலும் நல்லது. ஊருக்கு வெளியே இரவில் அது எப்படியும் கட்டாயம், இல்லாவிட்டால் 35 யூரோ. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை தலைக்கவசம் இல்லாமல் ஓடினால் கூட்டிவந்த பெரியவருக்கு 135. காதில் பாட்டுக் கேட்டால் அதற்கும் 135.

தொலைவு போக விரும்பினால் பேர்கோஞ்சில் ஜிவ்ரி முதல் க்ளுனி வரை 44 கி.மீ. பழைய ரயில் பாதை இருக்கிறது. 1997இல் திறந்த நாட்டின் முதல் வோ வெர்த், தார் போட்டது, குடும்பத்தோடு போகலாம். உண்மையான கிறவல் வேண்டுமென்றால் நாந்த்-ப்ரெஸ்த் கால்வாய்க் கரை, 360 கி.மீ.க்கு மேல், இறுகிய மணல் பரப்பு. மிடி கால்வாய் பேர் பெற்றது, ஆனால் துலூஸ் பக்கத்துத் தார் முடிந்த பிறகு வேர்கள் முதுகை உடைக்கும். பேரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சாப்பாடு பெரிய தலையிடி. பல கிராமத்தில் கடையே கிடையாது. பாண் கடை இருந்தாலும் மத்தியானம் பூட்டும், ஞாயிறு பிற்பகல் திறக்காது, பல இடங்களில் திங்களும் லீவு. காலையில் இரண்டு பாணும் வாழைப்பழமும் பையில் இல்லாமல் புறப்படாதீர்கள்.

தண்ணீருக்கு இந்த நாட்டுச் சைக்கிள்காரர் போகும் இடம் சுடலை. நம்மவர்களுக்கு முதல் தடவை கால் கூசும். ஆனால் ஊர்தோறும் மதிலுக்குள் பூவுக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும், படலை பூட்டியிருக்காது. ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள், முகம் கழுவலாம். நவம்பர் பிறந்ததும் உறைபனிக்குப் பயந்து பல ஊர்களில் அந்தக் குழாயை அடைத்துவிடுவார்கள். அப்போது சைக்கிளில் இரண்டு போத்தல்.