கீழ்மலையிலிருந்து ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனை

வெள்ளைப்படுதலோ, மாதவிடாய்க்கு இடையில் உதிரப்போக்கோ, அடிவயிற்று வலியோ எனக்கு இருந்ததில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் ஒருமுறையாவது கருப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று திண்டுக்கல்லில் நான் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் சொன்னதால்தான், கருப்பை வாய்ப் புற்றுநோய் அபாயத்தை முன்கூட்டியே கண்டறியும் ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு உடன்பட்டேன். கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையுமாக வாழும் எங்களுக்கு மருத்துவமனை என்றால் பெரும்பாறை வழியாகக் கீழே இறங்குவதுதான். நோய் என்று படுத்தால் ஒழிய யாரும் இறங்குவதில்லை. உடம்பில் ஒரு குறையும் தெரியாதபோது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது என்பதே எங்கள் பெண்களுக்கு விளங்க வைக்கக் கடினமான செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வி.ஐ.ஏ. பரிசோதனை செய்துகொண்டிருக்கிறேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று செவிலியர் கண்ணால் பார்ப்பார். செல்கள் மாறத் தொடங்கியிருந்தால்தான் அதில் தெரியும். ஹெச்.பி.வி. பரிசோதனை அதற்கு முந்தைய படியைப் பார்க்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய அனைத்துக்கும் காரணமான மனித பாப்பிலோமா வைரஸின் (அதன் சுருக்கம்தான் ஹெச்.பி.வி.) மரபணு அங்கே இருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் தேடுகிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. பொதுவாக 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும் என்றும் அது சொல்கிறது. அடிக்கடி மலையிறங்க முடியாதவர்களுக்கு இந்த நீண்ட இடைவெளி பெரிய உதவி.

மாதிரி எடுப்பது நான் பயந்ததுபோல் இல்லை. மாதவிடாய் நாட்களில் வர வேண்டாம், முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்து எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். செவிலியரே எடுக்கலாம் அல்லது நானே எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டபோது நானே எடுக்கிறேன் என்றேன். திரைக்குப் பின்னால் நின்றபடி, மெல்லிய மென்மையான தூரிகையைத் தடை தட்டும் வரை உள்ளே செலுத்தி, சில சுற்றுகள் சுழற்றி, வெளியே எடுத்து, திரவம் நிறைந்த சிறு குப்பிக்குள் போட்டு மூட வேண்டும். வலி இல்லை. உள்ளே விரித்துப் பார்க்க வைக்கும் ஸ்பெகுலம் என்னும் கருவியும் மேசையில் கால் விரித்துப் படுப்பதும் இல்லாமல் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் பல பெண்கள் வி.ஐ.ஏ.வுக்கு வராததற்குக் காரணமே அந்த மேசைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிக்கல் பிறகு வந்தது. மாதிரியைப் பதிவு செய்த இடத்தில், வழக்கம்போல, என் கணவரின் கைப்பேசி எண்ணையே எழுதிக்கொண்டார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் அவர் களத்திலிருந்து முகம் வெளுத்து வந்தார். அறிக்கையில் மூன்று வரிகள் இருந்தன: ஹெச்.பி.வி.யின் 16ஆம் வகை இல்லை, 18ஆம் வகை இல்லை, உயர் ஆபத்துள்ள பிற 12 வகைகளில் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி வரிக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “டாக்டரைப் பாருங்க” என்று வைத்துவிட்டார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, இது புற்றுநோயா என்பது. இன்னொன்றை அவர் கேட்கவில்லை. ஆனால் இது உடலுறவால் பரவுவது என்று கைப்பேசியில் அவர் படித்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மருத்துவர் எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து விளக்கினார். தோலோடு தோல் உரசுவதால் பரவும் இந்த வைரஸ், தாம்பத்திய உறவுள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றிவிடுகிறது. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல எந்தப் பரிசோதனையாலும் முடியாது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு வெளிப்படவும் கூடும். எனவே இன்றைய அறிக்கையை வைத்து இன்றைய நடத்தையை அளக்க இடமே இல்லை. ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லாததால், அளக்கப்படுபவள் பெண் மட்டுமே. பழியும் அவள்மேலேயே விழுகிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் மணமான ஏறத்தாழ 1,900 பெண்களிடம் இந்தத் தொற்றை அளந்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுமார் 17 சதவீதம் பேருக்கு அது இருந்தது என்றும், வயது கூடினாலும் அந்த அளவு பெரிதாகக் குறையவில்லை என்றும் அவர் சொன்னார். ஆறு பெண்களில் ஒருத்தி! அந்தக் கணக்கைக் கேட்டதும் என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்த மாத்திரையும் எனக்கு அந்த நிம்மதியைத் தந்திருக்க முடியாது.

முதல் கேள்விக்கும் பதில் கிடைத்தது. இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே மறைந்துவிடும். மறையாமல் நீடிப்பவைதாம் ஆபத்து. அதுவும் புற்றுநோயாக மாற, நோய் எதிர்ப்பு இயல்பாக உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். அவை இரண்டும் எனக்கு இல்லை. ஆனாலும் தொற்று செல்களை மாற்றியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை.

அதற்காக மறுபடி இறங்கினோம். இம்முறை மேசையும் உண்டு, ஸ்பெகுலமும் உண்டு. உருப்பெருக்கிக் காட்டும் கருவியின் படம் பக்கத்துத் திரையில் தெரிந்தது. அசிட்டிக் அமிலம் தடவியதும் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த இடத்தின் ஓரத்தில் மங்கலான ஒரு வெள்ளைத் திட்டு எழுந்தது. அயோடின் தடவியபோது மற்ற இடமெல்லாம் கரும்பழுப்பாக மாற, அந்தத் திட்டு மட்டும் கடுகு மஞ்சளாக நின்றது. அங்கிருந்து நெல்மணி அளவுக்குச் சதை எடுத்தார்கள். மாதவிடாய் வலிபோல் ஒரு சுருக், அவ்வளவுதான். இரத்தம் நிற்கத் தடவிய மருந்து சில நாட்கள் கருப்பாக வடியும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. அந்தச் சதையைச் சோதித்த பயாப்சி முடிவு, மிக லேசான முதல் நிலை மாற்றம் என்று வந்தது. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் நிலை என்பதால் சிகிச்சை ஏதும் தராமல், ஓராண்டு கழித்து ஹெச்.பி.வி. பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அந்த ஓராண்டை எளிதில் கடந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆண்டு முடிந்து செய்த பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை.

என் கவலையெல்லாம், அறிக்கை வந்தபின் கால்போஸ்கோபிக்குப் போகாமல் நின்றுவிடும் பெண்களைப் பற்றியது. கூலியை விட்டு, பிள்ளைகளை விட்டு, துணைக்கு ஆள் தேடி இறங்க வேண்டிய அந்த இரண்டாம் பயணத்தில்தான் மலைக்காரிகள் விடுபட்டுப் போகிறார்கள். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வி.ஐ.ஏ. செய்து, தேவைப்பட்டவர்களுக்கு உடன் சிகிச்சையும் தந்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. நம் மலையடிவாரத்தில் நடந்தது இது. மாதிரியை வீட்டிலேயே எடுக்க முடிகிற இந்தக் காலத்தில், கால்போஸ்கோபிக் கருவியும் மருத்துவரும் மாதம் ஒருமுறையாவது கீழ்மலைக்கும் மேல்மலைக்கும் ஏறி வரக் கூடாதா என்பதே என் கேள்வி.

பரிசோதனைக்குப் போகும் பெண்களிடம் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே எழுதச் சொல்லுங்கள், அறிக்கையை விளக்கப்போவது யார் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள் என்று சொல்லி வருகிறேன். என் மகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்று. ஏற்கெனவே உள்ள தொற்றை அது குணப்படுத்தாது என்பதால் சின்ன வயதிலேயே போடுவதுதான் பயன். என் மதினி போன வாரம் மாதிரி கொடுத்திருக்கிறார். முடிவு எப்படி வந்தாலும் அவருடன் கீழே இறங்க நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.