பிழைச் செய்தியை மறைப்பதற்கு முன்

விரிதாளில் #வேல்யூ! என்றோ #என்/ஏ என்றோ தோன்றியவுடன் பலரும் முதலில் செய்வது, அந்த ஃபார்முலாவை இஃப்எரர் ஃபங்ஷனுக்குள் வைத்து, பிழை வந்தால் வெற்றிடமோ சுழியமோ காட்டும்படி மாற்றிவிடுவதுதான். எக்செல் 2007 பதிப்பில் வந்த இந்த வசதி பயனுள்ளதே. ஆனால் காரணத்தை அறியாமல் அதைப் பயன்படுத்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். சுழியமும் ஒரு மதிப்புதான். சராசரி எடுக்கும்போது அது மற்ற எண்களோடு சேர்ந்து விடையைக் குறைத்துவிடும், அப்படி நேர்ந்தது யாருக்கும் தெரியவராது.

பிழை கண்ணில் படும் இடமும் அது தோன்றிய இடமும் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஒரு செல்லில் எழுந்த பிழை, அதைச் சார்ந்து கணக்கிடும் செல்களுக்கெல்லாம் பரவுவதால், மொத்தத் தொகையில் உள்ள ஃபார்முலாவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எக்செலில் ஃபார்முலாஸ் பகுதியிலுள்ள ட்ரேஸ் எரர் கட்டளை, மூலச் செல்லை அம்புக்குறியிட்டுக் காட்டும். ஃபார்முலா நீளமானதாக இருந்தால், அதன் ஒரு பகுதியை மட்டும் ஃபார்முலா பட்டையில் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் அந்தப் பகுதியின் விடை அங்கேயே தெரியும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும். என்டரை அழுத்தினால் அந்த விடை ஃபார்முலாவுக்குள் நிலையான எண்ணாகப் பதிந்துவிடும்.

சில பிழைகள் தம் காரணத்தைத் தாமே சொல்லிவிடுகின்றன. #டிவ்/0! என்றால் வகுக்கும் செல் காலியாகவோ சுழியமாகவோ உள்ளது. #நேம்? வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழை, அல்லது மேற்கோள் குறி விடுபட்ட சொல். #ரெஃப்! சற்றுக் கடுமையானது: ஃபார்முலா சுட்டிய வரிசையோ நெடுவரிசையோ நீக்கப்பட்டு, பழைய முகவரியும் அழிந்திருக்கும் என்பதால், உடனே அன்டூ செய்வதே நல்லது. செல் முழுவதும் ##### என்று நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் பிழையே அல்ல. நெடுவரிசையை அகலப்படுத்தினால் போதும்.

அதிக நேரத்தை விழுங்குவது, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்துதான். வேறு மென்பொருளிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டிய தரவில் இது அடிக்கடி நிகழும். அத்தகைய செல்களைக் கூட்டல் குறியால் கூட்டினால் எக்செல் இயன்றவரை எண்ணாக மாற்றிக்கொள்ளும், இயலாதபோது #வேல்யூ! காட்டும், ஆனால் ஒரு நெடுவரிசையை சம் ஃபங்ஷனிடம் கொடுத்தால், எழுத்தாக உள்ளவற்றை அது எந்த எச்சரிக்கையும் இன்றி விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கூட்டும். இஸ்டெக்ஸ்ட் ஃபங்ஷன் இவற்றை அடையாளம் காட்டும். தேவையற்ற இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபங்ஷனைப் போட்ட பிறகும் இடைவெளி நீங்கவில்லையென்றால், இணையப் பக்கங்களில் வரும் 160 என்ற குறியீட்டெண் கொண்ட இடைவெளி ஒட்டியிருக்கலாம். ட்ரிம் சாதாரண இடைவெளியை மட்டுமே நீக்கும் என்பதால், இதற்கு, ஒரு குறிக்குப் பதில் வேறொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் ஃபங்ஷன் தேவைப்படும்.

ஒரு மதிப்பைப் பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தைத் தரும் வீலுக்அப் ஃபங்ஷனில், தேடியது கிடைக்கவில்லை என்று பொருள்படும் #என்/ஏ வருவதற்கும் இதே இடைவெளி காரணமாகலாம். அதைவிட ஆபத்தானது, நான்காவது மதிப்பைக் குறிப்பிடாமல் விடுவது; அப்போது எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடுவதால், அகரவரிசையிலோ ஏறுவரிசையிலோ இல்லாத பட்டியலிலிருந்து தவறான விடையைப் பிழைச் செய்தியே இல்லாமல் தரக்கூடும். அங்கே ஃபால்ஸ் என்று எழுதி, தேடும் மதிப்பு பட்டியலில் உண்மையாகவே இல்லாமலிருக்க வாய்ப்புண்டு என்றும் உறுதி செய்த பின், இஃப்எரருக்குப் பதிலாக இஃப்என்ஏ பயன்படுத்துங்கள். அது #என்/ஏ ஒன்றை மட்டும் மறைத்து, மற்றப் பிழைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவைக்கும்.