அரிசி ஆலையிலிருந்து ஓர் எம்.பி.ஏ. விண்ணப்பம்

2024 ஒக்டோபர் 12, மட்டக்களப்பு

ஹாவர்ட் வணிகக் கல்லூரிக்கான விண்ணப்பத்தை இரண்டாம் சுற்றில், அதாவது ஜனவரித் தொடக்கத்தில், அனுப்பத் தீர்மானித்துவிட்டேன். கடந்த ஆண்டு வரை 900 சொற்களுக்குள் எழுதவேண்டிய ஒரே திறந்த கேள்வியைக் கேட்டுவந்தவர்கள், இவ்வாண்டு தொழில் நோக்குக்கு 300, தலைமைத்துவத்துக்கு 250, அறியும் ஆவலுக்கும் வளர்ச்சிக்கும் 250 என மூன்று சிறு கட்டுரைகளைக் கேட்கிறார்கள். வணிகக் கல்லூரி அனுமதிக்கான ஜீமெட் பரீட்சை முன்பே முடிந்துவிட்டதால் இனி எழுத்து வேலை மட்டுந்தான்.

ஒக்டோபர் 20

இந்த மண்ணிலிருந்து விண்ணப்பிக்கும் எவருக்கும் போரையும் 2004 ஆழிப்பேரலையையும் முதற் பந்தியிலேயே வைக்கத் தோன்றும். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தெரிவுக்குழுவில் இருப்பவர், இழப்புக்குப் பின் நான் எதைத் தீர்மானித்தேன், ஏன் தீர்மானித்தேன் என்றுதான் தேடுவார். அதைச் சொல்லாமல் துயரத்தை மட்டும் சொன்னால் அவருக்கு இரக்கம் பிறக்குமே தவிர நம்பிக்கை பிறக்காது. என் இறந்தோரை ஒரு வாதமாக்க எனக்கு மனமும் இல்லை.

நவம்பர் 3

தலைமைத்துவக் கட்டுரைக்கு, நான் கணக்காளராக இருக்கும் அரிசி ஆலையின் நெற்கொள்வனவையே எடுத்துக்கொண்டேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து அறுவடைக் காலத்தில் வரும் நெல்லைக் கையில் அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து விலை சொல்வதே இங்கு வழக்கம். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதத்தை நிபந்தனையாக வைத்திருக்கும்போது, எங்கள் ஆலையில் அந்த அளவு ஒருவருடைய பல்லையும் பழக்கத்தையும் பொறுத்திருந்தது. ஈரம் கூடிய நெல் களஞ்சியத்தில் நிறம் மாறும்; காயவைத்தது சீரில்லாவிட்டால் குற்றும்போது அரிசி உடையும். ஈரமானி வாங்கவேண்டும் என்று கேட்டதும், அதன் எண்ணை விவசாயியின் கண்முன்னே காட்டிய பிறகே விலை சொல்லவேண்டும் என்று வற்புறுத்தியதும் நான். கருவியைக் காட்டிலும் இந்த இரண்டாவது முடிவுக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது, ஏனெனில் அது பேரம் பேசும் வலுவில் ஒரு பங்கை விற்பவரிடம் கொடுத்தது. கட்டுரையின் பெரும்பகுதியை இந்த எதிர்ப்புக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நவம்பர் 10

அந்தக் கட்டுரையை இன்று வாசித்த பெரியம்மா, “எல்லாரும் சேர்ந்து செய்த வேலையை நீ தனியாச் செய்ததாகச் சொல்லலாமா, மகள்?” என்று கேட்டார். தன்னை முன்னிறுத்தாமல் பேசுவது நாம் வளர்ந்த முறை, அதை நான் மதிக்கிறேன். ஆகவே எடைபோடுபவர்கள் எதைச் செய்தார்கள், கணக்காளராகிய நான் எதைச் செய்தேன் என்று பிரித்தே எழுதினேன். இரண்டும் தெளிவாக இருந்தால் பிறர் உழைப்பும் மறையாது, என் பங்கும் மங்காது.

டிசம்பர் 1

பரிந்துரையாளர்கள் இருவர் தேவை. பெரிய பதவியில் உள்ள ஒருவரைப் பிடிக்கும்படி பலர் சொல்கிறார்கள். கடிதத்தை நானே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கலாம் என்றும் சொல்கிறார்கள். பின்னது பொய், அதற்கு நான் உடன்படமாட்டேன். என்னுடன் தினமும் வாதாடிய ஆலை முகாமையாளரையே கேட்டேன். நடந்த சம்பவங்களின் திகதிகளைக் குறித்துக் கொடுத்தேன், ஒரு வசனமும் எழுதிக் கொடுக்கவில்லை. எதிர்த்தவர் என்பதால் அவருடைய சொல்லுக்கே எடை அதிகம் என்பது என் எண்ணம்.

டிசம்பர் 15

தொழில் நோக்குக் கட்டுரையில் “கிழக்கு மாகாணத்தின் பொருளாதாரத்தை உயர்த்துவேன்” என்றிருந்ததை வெட்டினேன். அறுவடையான உடனே ஈரநெல்லைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலையில் உள்ள சிறு விவசாயிகளுக்கு, கூட்டு உலர்த்தும் களமும் களஞ்சியமும் அமைத்து, வைத்திருக்கும் நெல்லின் பேரில் கடன் கிடைக்கச் செய்யும் நிறுவனம் ஒன்றை நடத்த விரும்புகிறேன் என்று எழுதினேன். எனக்குக் கணக்கு வரும். முதலீடு திரட்டுவதும் ஒரு நிறுவனத்தைப் பல ஊர்களுக்கு விரிப்பதும் தெரியாது. உண்மையான நிறுவனங்களின் சிக்கல்களை வகுப்பில் விவாதித்துக் கற்பிக்கும் அந்தக் கல்லூரியைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம் என்று அடுத்த வசனத்தில் சேர்த்தேன். 300 சொற்களுக்குள் அடங்கிவிட்டது.