காட்டுச் சாலையில் நாற்பது போதும்

வார இறுதியில் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஆரம்பத்தில் போய்ச் சேரும் இடம்தான் முக்கியம் என்று நினைத்தேன். அருவியோ மலை உச்சியோ, எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட முடியுமா என்று கணக்குப் போட்டபடியே ஓட்டுவேன். ஒருமுறை நடுக்காட்டில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே எதுவும் தெரியாத அளவுக்குக் கொட்டியதால், சாலை அகலமாக இருந்த இடமாகப் பார்த்து ஓரங்கட்டி நிறுத்தினேன். மழை விட்டதும் கண்ணாடியை இறக்கினால், இலைகளிலிருந்து சொட்டும் சத்தம், எங்கேயோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கூப்பிடுவது, அப்புறம் அந்த மண்வாசனை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அந்த வாசனையில் பெரிய பங்கு உண்டு. 1964-ல்தான் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் அந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள், நாம் எப்போதோ வைத்துவிட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது அதற்கு முன் போன பத்துப் பயணங்களில் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து காட்டுக்குள் நாற்பதைத் தாண்டுவதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறோம், மரத்தடியில் அசையாமல் நிற்கும் ஒரு மானைக் கண் கண்டுபிடிப்பதற்குள் அந்த மரமே பின்னால் போயிருக்கும். 40-ல் போனால் அது 11 மீட்டர். இன்னொன்று, வேகம் இரட்டிப்பானால் பிரேக் மிதித்த பிறகு வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாத சாலையில் இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டாம்.

விடியற்காலைதான் எனக்குப் பிடித்த நேரம். மான் போன்ற பல விலங்குகள் விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் அதிகம் நடமாடும். அதனாலேயே அந்த நேரத்தில் ஓட்டுபவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மானின் விழித்திரைக்குப் பின்னால், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, இருட்டில் அதன் கண்கள் ஹெட்லைட் பட்டுப் பளிச்சென்று மின்னுவது அதனால்தான். மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய அந்தக் கண் ஹை பீமில் கூசிப்போய், விலங்கு சாலை நடுவே அப்படியே நின்றுவிடும். லோ பீமுக்கு மாற்றிவிட்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். அது கடந்துவிட்டது என்று உடனே கிளம்பிவிடாதீர்கள், பின்னாலேயே குட்டியோ கூட்டமோ வரும். பனிமூட்டத்திலும் லோ பீம்தான், ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

மலையிறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருமுறை நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தேன், பாதி வழியில் கருகல் வாடை, மிதித்தாலும் முன்புபோலப் பிடிக்கவில்லை. சூடேறச் சூடேற பிரேக் பிடிப்பை இழக்கும் என்று தெரிந்திருந்தும் செய்த தவறு. நிறுத்தி ஆறவிட்ட பிறகுதான் கிளம்பினேன். அந்த மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டு உருட்டிக்கொண்டு வருவது மட்டும் கூடவே கூடாது.

சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. வரைபடத்துக்குத்தான் இணையம் வேண்டும், அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

நிறுத்தக்கூடாது என்று பலகை இருக்கும் காட்டில் நிறுத்தவே வேண்டாம். நிறுத்தலாம் என்ற இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருங்கள். வண்டிக்குப் பழகிப்போன விலங்குகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்கினால் ஓடிவிடுகின்றன.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். போடப் போட அவை மரத்தை விட்டுச் சாலையோரத்துக்கே குடிவந்துவிடுகின்றன. போன மாதம் ஒரு வளைவில், அடிபட்டுக் கிடந்த தாயின் பக்கத்தில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. சாலை ஓரமெல்லாம் யாரோ வீசிய பிஸ்கட் உறைகள்.