வால்வ் ஓரத்துக் கசிவு: நெஞ்சைத் திறக்காமல் அடைத்த அனுபவம்

செயற்கை வால்வ் வைத்தவருக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், எங்கள் கும்பகோணம் பக்கம் முதலில் கீழாநெல்லியைத்தான் அரைப்பார்கள். அம்மாவுக்கு வந்தது கல்லீரல் காமாலை இல்லை. இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே வைத்த செயற்கை மைட்ரல் வால்வின் தையல் வளையம் (வால்வை இதயத்தோடு சேர்த்துத் தைக்கும் விளிம்பு) ஓரிடத்தில் சதையை விட்டு விலகியிருந்தது. அந்த இடுக்கில் ரத்தம் பீய்ச்சும் வேகத்தில் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன. வால்வ் வைத்தவருக்கு ஹீமோகுளோபின் இறங்கி எல்.டி.எச். (சிவப்பணு உடையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) ஏறினால் தள்ளிப்போடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள்.

மார்பில் வைத்து எடுக்கும் எக்கோவில் மைட்ரல் கசிவு தப்பிவிடக்கூடும். உலோக வால்வின் நிழல் மறைத்துவிடும். உணவுக்குழாய் வழியே எடுக்கும் டீ.இ.இ. தான் ஓட்டையின் இடத்தையும் அகலத்தையும் காட்டும். அதற்கு 6 மணி நேரம் வெறும் வயிறு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் வால்வ் கார்டும் (எந்த வகை வால்வ் என்று குறித்த அட்டை) கட்டாயம் கையில் இருக்கட்டும். நம் நாட்டில் செய்யும் சித்ரா வால்வில் ஒரே தட்டு சாய்ந்து திறக்கும். வேறு சிலவற்றில் இரண்டு தகடு. ஓட்டையில் வைக்கப்போகும் அடைப்பான் எங்கே உரசும் என்பது அதைப் பொறுத்தது.

கிருமித்தொற்று இருந்தாலோ, வால்வே ஆட்டம் கண்டிருந்தாலோ, நெஞ்சைத் திறக்காமல் அடைக்கும் இந்த வழி கிடையாது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையை நிறுத்துவதும், அதே வேலைக்கான ஹெப்பாரின் ஊசிக்கு மாறுவதும் டாக்டர் சொல்லும் நாளில்தான்; நாமாக ஒரு வேளைகூட விடக்கூடாது.

தொடை ரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஏறும். இதயத்தின் மேலறைத் தடுப்பில் சின்னத் துளையிட்டு இடப்பக்கம் நுழைந்து, மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் செலுத்துவார்கள். பிறகு நிட்டினால் (மடித்தாலும் பழைய வடிவத்துக்கு விரியும் உலோகம்) வலையால் ஆன அடைப்பான் இருபுறமும் விரிந்து பிடித்துக்கொள்ளும். முக்கியமான கட்டம் அடுத்ததுதான். அடைப்பான் இன்னும் கம்பியோடு இணைந்திருக்கும்போதே, வால்வின் தட்டு முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். துளி தட்டினாலும் உள்ளிழுத்து வேறு அளவு வைப்பார்கள். பிறைவடிவக் கசிவுக்குச் சில சமயம் இரண்டு வேண்டும். அதனால் முதலமைச்சர் காப்பீட்டில் போகிறவர்கள், அடைப்பான் விலையும் அனுமதியில் சேர்ந்திருக்கிறதா, எத்தனைக்கு என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள்.

மிச்சக் கசிவு வலைக்குள் பீய்ச்சினால் சிவப்பணு உடைவது முன்னைவிடக் கூடவும் செய்யலாம். எனவே வீடு திரும்பிய பிறகும் எல்.டி.எச். தொடர்ந்து பார்க்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை அறவே ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று சாப்பிட்டால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) தடுமாறும். பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் வால்வ் இருப்பதைச் சொல்லுங்கள். வால்வில் கிருமி தொற்றாமலிருக்க, பென்சிலின் அலர்ஜி இல்லாதவர்களுக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பார்கள்.